பஞ்சம் கட்டிய ஆய்வகம்

மழை எப்போது வரும் என்ற கேள்விதான் கொடைக்கானலின் உச்சியில் ஒரு தொலைநோக்கியைக் கொண்டுபோய் நிறுத்தியது.

1875 இறுதியில் சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் வானம் கைவிட்டது. குளமும் கிணறும் வறண்டன. விதைநெல்லும் தின்று தீர்ந்தது. ஊர் ஊராக மக்கள் கஞ்சித் தொட்டிகளைத் தேடி நடந்தார்கள். 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் இந்தியாவெங்கும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று தமிழகம் இன்றும் அதை நினைவு வைத்திருக்கிறது.

சூரியனில் தோன்றும் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. பருவமழையும் இதே கணக்கில் ஏறி இறங்குகிறதோ என்று நார்மன் லாக்யர் போன்ற அறிஞர்கள் அப்போது கருதினார்கள். அது உண்மையானால், வரப்போகும் பஞ்சத்தை முன்கூட்டியே அறிந்து தானியம் சேர்த்து வைக்கலாமே! பஞ்சத்தை விசாரித்த ஆணையமும் சூரியனை ஆராயும் தேவையை வலியுறுத்தியது.

அதற்கு ஏற்ற இடத்தை மிச்சி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் தேடினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் அவர். கொடைக்கானல் தேர்வானது. 1895-இல் மாகாண ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,343 மீட்டர் உயரத்தில், 1901-இல் முறையான சூரிய நோக்கு தொடங்கியது. சில ஆண்டுகளில் சூரியனை நாள்தோறும் படமெடுக்கும் வழக்கமும் வந்தது. மேகம் மறைக்காத நாளெல்லாம் ஒரு கண்ணாடித் தகட்டில் சூரியன் பதிந்தது.

1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று உலகமெங்கும் பாடநூல்களில் இடம்பெற்ற கண்டுபிடிப்பு அது.

தேடிய விடை மட்டும் சூரியனில் கிடைக்கவில்லை. புள்ளிகளுக்கும் மழைக்கும் இடையில் நம்பிப் பயிர் வைக்கும் அளவுக்கு உறுதியான தொடர்பு எதுவும் தெரியவரவில்லை. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கணித வல்லுநர் கில்பர்ட் வாக்கர் வேறு திசையில் தேடினார். உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவுகளைத் திரட்டி ஒப்பிட்டார். பசிபிக், இந்தியப் பெருங்கடல் பகுதிகளின் காற்றழுத்தம் ஒன்று ஏற மற்றொன்று இறங்குவதைக் கண்டு, அதற்குத் ‘தெற்கு அலைவு’ என்று பெயரிட்டார். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவோடு சேர்த்துப் பருவமழைக் கணிப்பில் இன்றும் கவனிக்கப்படுவது இந்த அலைவுதான்.

கொடைக்கானலின் பழைய தகடுகள் இப்போது கணினிக்கு மாற்றப்பட்டு, சூரியனின் நூறாண்டுப் போக்கை ஆராய்வோருக்குக் கைகொடுக்கின்றன. செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்புகளையும் தாக்கக்கூடிய சூரியப் புயல்களைப் புரிந்துகொள்ள இத்தகைய நீண்ட பதிவுகள் தேவைப்படுகின்றன.