முன்னெழுத்தில் ஒளிந்த பெயர்

களம்பூரில் இருக்கும் ரயில் நிலையத்தின் பெயர் ஆரணி ரோடு. ஊர் ஒன்று, பலகையில் பெயர் வேறொன்று. ஆரணி நெசவாளரில் சௌராஷ்டிரரும் உண்டு. மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் என்று பரவியவர்கள். தமிழரில் பெரும்பாலோர்க்கு இல்லாத குடும்பப்பெயர் இவர்களுக்கு உண்டு. தமிழ் வழக்குக்கு இசைந்து அதை ஓர் எழுத்தாக்கிவிட்டார்கள். டி.எம். சௌந்தரராஜனின் (1922–2013) 'டி' எந்த ஊரும் அல்ல; தொகுளுவ. அவர் பாட்டிலேயே வளர்ந்த எனக்கு இது வெகுகாலம் தெரியாது.

473ஆம் ஆண்டு மந்தசோர் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து வந்த பட்டு நெசவாளர் சூரியனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்கிறது. அவர்கள் இவர்களுடைய முன்னோர்தானா என்பது தர்க்கத்துக்குரியது. என்னை உறுத்துவது வேறு. அரசர்களுக்குப் பெயர் இருக்கிறது, பாடிய வத்ஸபட்டிக்குப் பெயர் இருக்கிறது. நெய்தவர்கள் வெறும் 'குழு'. ஆரணிச் சேலைக்கும் ஊர்ப்பெயர்தான்.