டின் அடுப்பும் பித்தளை அடுப்பும்

எடையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த இரண்டு அடுப்புகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய் நிற்கும். குடித்துப் போட்ட குளிர்பான டின்னை வெட்டிச் செய்யும் ஸ்பிரிட் அடுப்பு சுமார் 15 கிராம். ஸ்வீடனின் டிராங்கியா நிறுவனம் விற்கும் பித்தளை ஸ்பிரிட் அடுப்பு 110 கிராம். முன்னதை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் புறப்பட்டு மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் வரை, அப்பலாச்சியன் பாதையின் சுமார் 3,500 கிலோமீட்டரையும் முதுகுச் சுமையோடு நடந்து முடிப்பவர்கள் கொண்டாடினார்கள். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட அறுத்துச் சுமை குறைக்கும் கூட்டம் அது. பின்னது, காற்றுத் தடுப்பும் பாத்திரங்களும் சேர்ந்த ஒரே தொகுப்பாக 1951 முதல் ஸ்காண்டிநேவிய மலைகளில் சுற்றிவருகிறது.

பார்வைக்கு ஒன்று குப்பை, ஒன்று குத்துவிளக்கின் தம்பி. ஆனால் உள்ளே இரண்டும் ஒரே அடுப்பு. இரட்டைச் சுவர் கொண்ட சின்னக் கிண்ணம். மேல் விளிம்பில் வரிசையாக நுண் துளைகள். நடுவில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தால் முதலில் நடுவில் மட்டும் சோம்பலாக எரியும். அந்தச் சூட்டில் இரு சுவர்களுக்கு இடையே புகுந்திருக்கும் ஸ்பிரிட் கொதிக்கத் தொடங்குகிறது. எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரிதான். வெளியேற வேறு வழி இல்லாத ஆவி துளைகள் வழியே பாய, விளிம்பைச் சுற்றி நீலச் சுடர்கள் பூக்கின்றன. திரி இல்லை, வால்வு இல்லை, பம்ப் இல்லை.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் இரைந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் பிடிபடும். அதிலும் பர்னரைச் சுற்றிய கிண்ணத்தில் கொஞ்சம் எரித்துச் சூடேற்றிய பிறகுதான் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். அந்த ஸ்டவ்வின் மூதாதையான பிரைமஸ், 1892இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தது; ஆக அதுவும் ஸ்வீடன்காரன்தான். மண்ணெண்ணெய்க்குக் காற்றழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிட் தன் கொதிப்பிலேயே தேவையான அழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

டின் அடுப்பைச் செய்வதில் ஒரு சின்னத் தச்சு வேலையின் சுகம் உண்டு. இரண்டு டின்களின் அடிப்பாகங்கள் வேண்டும். பிளேடைக் கையில் பிடித்து அறுத்தால் விளிம்பு கோணலாகும். ஒரு தடித்த புத்தகத்தின் மேல் பிளேடை அசையாமல் அழுத்திக்கொண்டு, டின்னை அதன் முனையில் உரசியபடி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பக்கச் சுவரின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவுதான். பத்துப் பன்னிரண்டு சுற்றில் கோடு விழுந்து தானாகப் பிரிந்துவிடும். இரண்டு அடிகளும் ஒரே விட்டம் என்பதால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. இங்கேதான் முதல் முயற்சிகள் பெரும்பாலும் கிழிகின்றன, என்னுடையதும் கிழிந்தது. திறக்காத இன்னொரு டின்னின் அடியை ஒரு பாதிக்குள் மெல்ல அழுத்தித் திருகி, வாயை இம்மி அகட்டிக்கொள்வதுதான் தந்திரம்.

அதற்குமுன், மேலே வரவேண்டிய பாதியில் குழிந்த நடுப்பகுதியை வெட்டி எடுத்து, விளிம்பைச் சுற்றிக் குண்டூசியால் 16 முதல் 32 துளைகள் போட வேண்டும். டின்னின் பக்கத் தகட்டில் ஒரு பட்டை வெட்டி வளையமாக்கி உள்ளே நிறுத்தினால் அதுவே உட்சுவர். வளையத்தின் அடியில் இரண்டு மூன்று இடத்தில் சின்னதாகக் கத்தரிக்க மறந்தால் ஸ்பிரிட் சுவர்களுக்கு நடுவே போகாது. அடுப்பு பூக்காமல் விளக்காகவே எரிந்து அணையும். முதல் முறை எரிக்கும்போது மேல்பூச்சு கருகி, உட்பூச்சும் தீய்ந்து நாறும். அந்தச் சூட்டில் சோறு வைக்கக் கூடாது. வெறுமனே ஒருமுறை எரித்துவிட வேண்டும்.

இந்த மெல்லிய தகடுதான் டின் அடுப்பின் பலம். சூடேற்ற வேண்டிய உலோகமே இல்லை என்பதால் அரை நிமிடத்துக்குள் பூத்துவிடும். பித்தளைக்கு அதைவிடப் பொறுமை வேண்டும்.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படும் வேற்றுமை பற்றவைப்பதில் இல்லை, அணைப்பதில் இருக்கிறது. டிராங்கியாவோடு ஒரு வளையமும் ஒரு திருகுமூடியும் வருகின்றன. வளையத்தின் தட்டை நகர்த்தித் தீயைக் குறைத்து அரிசியைப் பொங்கவிடாமல் வேகவைக்கலாம். தட்டை முழுதாக மூடிப்போட்டு அணைக்கலாம். ஆறியதும் திருகுமூடியைப் போட்டு மிச்ச ஸ்பிரிட்டோடு பைக்குள் வைத்துக்கொள்ளலாம். டின் அடுப்பில் சிறு தீ, பெரு தீ என்ற பேச்சே கிடையாது. ஊற்றியது தீரும்வரை எரியும். எவ்வளவு ஊற்றுவது என்பதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே கட்டுப்பாடு, அதையும் பற்றவைக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 167 கிலோஜூல் வேண்டும். ஒரு மில்லி எத்தனால் தருவது ஏறக்குறைய 21. ஒரு சூடும் வீணாகாவிட்டால் 8 மில்லி போதும். காற்றுத் தடுப்பு வைத்தாலும் பாதி வீணாகும், ஆக 15 முதல் 20 மில்லி. காற்று எப்படி அடிக்கும் என்று தெரியாததால் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றுகிறோம். அது 5 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராங்கியாவில் அது மிஞ்சும், டின்னில் எரிந்து போகும். இரண்டு அடுப்புகளுக்கும் எடை வித்தியாசம் 95 கிராம். அதாவது 120 மில்லி ஸ்பிரிட். நாளுக்கு இரண்டு முறை கொதிக்கவைத்தால் பன்னிரண்டாம் நாளில் டின்னின் எடைச் சலுகை முழுவதும் புகையாகிவிடும்.

டின் அடுப்பு அமெரிக்காவில் வேரூன்றியதற்கு இந்தப் பன்னிரண்டு நாள் கணக்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்பலாச்சியன் பாதையில் நாலைந்து நாளுக்கு ஒரு ஊர் வந்துவிடும். ஸ்பிரிட்டை அங்கங்கே வாங்கிக்கொள்ளலாம், வீணாவது பெரிதாகச் சேர்வதில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து உலர் உணவில் ஊற்றுவதுதான் அங்கே சமையல். வட ஸ்வீடனின் சாரெக் தேசியப் பூங்கா போன்ற இடத்தில் கடையும் கிடையாது, குறியிட்ட பாதையும் அநேகமாகக் கிடையாது. அங்கே இரண்டு வாரம் சுற்றுபவர் மிச்சத்தை மூடி வைக்க முடிகிற அடுப்பைத்தான் நம்புவார்.

எரிபொருளிலும் இரு நாட்டுக்கும் பழக்கம் வேறு. ஸ்வீடனில் கிடைப்பது எத்தனால் அடிப்படையிலான சிவப்புச் சாயமிட்ட ஸ்பிரிட். அமெரிக்க நடையர்களில் பலர் கார்களின் பெட்ரோல் குழாய் உறையாமல் இருக்க விற்கும் மஞ்சள் பாட்டில் ‘ஹீட்’டை வாங்குகிறார்கள், அது மெத்தனால். மெத்தனால் என்றால் நமக்குக் கள்ளக்குறிச்சி நினைவுக்கு வரும். 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் பலிகொண்ட சாராயத்தில் இருந்தது அதுதான். ஆவியை முகர்ந்தாலும், தோலில் பட்டு ஊறினாலும் கெடுதல். சூடும் மில்லிக்கு மில்லி எத்தனாலில் முக்கால் பங்குதான். மலிவு என்பதற்காக அதை எடுத்துச் செல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆபத்து விஷயத்தில் இரண்டுக்கும் அதிக வேற்றுமை இல்லை. ஸ்பிரிட் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுபவரின் பாட்டில் வரை தீ ஏறிவிடும். கூடாரத்தை மூடிக்கொண்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு. உறைபனிக் குளிரில் ஸ்பிரிட் லேசில் பற்றாது. பாட்டிலைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மேற்கில், கோடையில் காட்டுத்தீ அச்சத்தால் தடை வரும்போது, வால்வு இல்லாத அடுப்பு என்ற ஒரே காரணத்தால் பல காடுகளில் இரண்டும் தள்ளுபடி. மூடி போட்டு அணைப்பது அங்கே கணக்கில் சேராது. தட்டிவிட்டால் இரண்டுமே கொட்டும் என்பதால் அந்த விதியைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஆயுள் என்று பார்த்தால் பித்தளை அடுப்பில் கெடக்கூடியது திருகுமூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் ஒன்றுதான். ஆறுவதற்குள் அவசரப்பட்டு மூடியைத் திருகினால் உருகிவிடும். புதிதாக வாங்கிப் போட வேண்டும். டின் அடுப்பில் தனியாகக் கெட எந்தப் பாகமும் இல்லை, மிதித்தால் முழுதாகப் போய்விடும். அடுத்த ஊரில் இரண்டு டின் கூல்டிரிங்க்ஸ் குடித்தால் மறுபடி ஒன்று.