நலம் தராத உணவுகளின் விளம்பரங்கள்: கட்டுப்பாடு ஏன் தேவை?

சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவை மிகுந்த உணவுகளின் விளம்பரங்கள், குழந்தைகள் எதை விரும்புகின்றனர், எவ்வளவு உண்கின்றனர் என்பதை மாற்றக்கூடியவை. இவற்றிலிருந்து குழந்தைகளைக் காக்கக் கட்டாயக் கட்டுப்பாடுகளை வகுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் நாடுகளுக்குப் பரிந்துரைத்தது.

குடும்பத்தின் உரிமையில் தலையிடுவதாகுமா?

எதை உண்பது என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். அவ்வுரிமையை இக்கட்டுப்பாடுகள் பறிப்பதில்லை. ஆனால், விளம்பரத்தின் விற்பனை நோக்கத்தைச் சிறு குழந்தைகளால் முழுமையாக உணர இயலாது. இளவயதில் படியும் சுவைப் பழக்கம் எளிதில் மாறுவதுமில்லை. உடற்பருமன், இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், பற்சொத்தை ஆகியவற்றுக்கு அப்பழக்கம் வழிவகுக்கலாம்.

இந்தியாவில் நடைமுறையில் உள்ள விதிகள்

• 2020-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள் மாணவர்களுக்கும், இவ்வுணவுகளை விற்பதும் விளம்பரப்படுத்துவதும் கூடாது.

• 2022-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகளின்படி, சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றின் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் அலைவரிசைகளிலும் ஒளிபரப்பக் கூடாது.

எனினும், பெரியவர்களுக்கான தொடர்களையும் கிரிக்கெட் போட்டிகளையும் குழந்தைகள் உடன் அமர்ந்து காண்கின்றனர். கைபேசியிலும் விளம்பரங்கள் வருகின்றன. ஆகவே உங்கள் கவனம் இன்றியமையாதது.

நீங்கள் செய்யக்கூடியவை

• உணவு வேளையில் தொலைக்காட்சியையும் கைபேசியையும் தவிர்க்கவும்.

• குழந்தை ஒரு பொருளைக் கேட்டு அடம்பிடித்தால், விளம்பரம் விற்பதற்காகவே எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுமையாக விளக்கவும்.

• உறையின் முன்புற வாசகத்தை மட்டும் நம்பாமல், பின்புற ஊட்டச்சத்து அட்டவணையில் சர்க்கரை, சோடியம் அளவுகளைப் பார்க்கவும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமானது.

• 'ஆரோக்கிய பானம்' என்பதற்கு இந்திய உணவுச் சட்டத்தில் வரையறை இல்லை. மால்ட் பானங்களை அப்பெயரில் பட்டியலிட வேண்டாம் என 2024-இல் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

• 'சர்க்கரை சேர்க்கப்படாதது' என்ற பழச்சாற்றிலும் இயற்கைச் சர்க்கரை உண்டு. நீரிழிவு உள்ளவர்கள் விளம்பரத்தை நம்பி உணவையோ மருந்தையோ மாற்றாமல், மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும்.

• தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் கட்டணமின்றிப் புகார் அளிக்கலாம்.