ஷொகுயிகு (ஜப்பானியப் பள்ளி உணவுக் கல்வி)

ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் வகுப்புப் பாடத்தின் வழியாகவும் மதிய உணவின் வழியாகவும் புகட்டப்படும் உணவுக் கல்வி ஷொகுயிகு எனப்படும். 2005ஆம் ஆண்டின் உணவுக் கல்வி அடிப்படைச் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது.

தோற்றம்: 1889இல் யமகட்டா மாநிலத்துச் சுருஒகா நகரில், பௌத்த பிக்குகள் கோயிலில் நடத்திய பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டை, சுட்ட உப்பு மீன், காய்கறி ஊறுகாய் ஆகியவை இலவசமாக வழங்கப்பட்டன. ஜப்பானியப் பள்ளி உணவின் தொடக்கம் இதுவே. கருத்தளவில் இக்கல்வியின் முன்னோடி இராணுவ மருத்துவர் இஷிசுகா சாகென் (இறப்பு 1909). தீட்டாத அரிசியையும் உள்ளூர் விளைபொருளையும் போற்றிய இவர், சோடியம், பொட்டாசியம் உப்புகளின் சமநிலையே உடல்நலத்தைத் தீர்மானிக்கிறது என்றார். குழந்தை வளர்ப்பின் அடித்தளம் உணவே என 1890களில் வெளியிட்ட நூல்களில் வலியுறுத்தினார். பிற்கால மேக்ரோபயாட்டிக் உணவுமுறை இவரது கொள்கையிலிருந்து கிளைத்தது. 1903இல் முராய் கென்சாய் செய்தித்தாளில் தொடராக எழுதிய 'ஷொகுதோராகு' என்னும் புதினம் உணவுக் கல்வியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது.

இரண்டாம் உலகப் போரின்போது நலிந்த பள்ளி உணவு, 1946 டிசம்பரில் வெளிநாட்டு நிவாரணப் பொருள்களுடன் மீண்டது. அமெரிக்கக் கோதுமையும் கொழுப்பு நீக்கிய பால்மாவும் வந்ததால் ரொட்டி நிலைபெற்றது. 1954இல் பள்ளி மதிய உணவுச் சட்டம் இயற்றப்பட்டது. பாரம்பரிய உணவான சோறு 1976இல்தான் முறைப்படி பள்ளித் தட்டுக்குத் திரும்பியது.

வகைப்பாடு: சிறுவர்க்கு உணவு மூன்று நிறக் குழுக்களாகக் கற்பிக்கப்படுகிறது. இம்முறை 1952இல் ஹிரோஷிமாவில் உருவானது.

சிவப்பு – உடலை வளர்ப்பவை: மீன், இறைச்சி, முட்டை, சோயா, பால்.
மஞ்சள் – ஆற்றல் தருபவை: சோறு, ரொட்டி, கிழங்கு, எண்ணெய்.
பச்சை – உடலைச் சீராக வைப்பவை: காய்கறி, பழம்.

நிறம் உணவின் பணியைக் குறிக்கும், தோற்றத்தையன்று. ஆகவே வெள்ளைப் பாலும் சிவப்புக் குழுவைச் சேர்ந்தது. உயர் வகுப்புகளில் இம்மூன்றும் ஆறு குழுக்களாக விரித்துப் பயிற்றப்படுகின்றன.

கற்பிக்கும் முறை: மாணவர் முறைவைத்து வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்து வகுப்பறையிலேயே பரிமாறுகின்றனர். ஆசிரியரும் அதே உணவை உடன் அமர்ந்து உண்கிறார். உண்டபின் பாத்திரங்களை ஒழுங்குபடுத்துவதும் மாணவர் பொறுப்பே. 2005இல் ஊட்டச்சத்து ஆசிரியர் என்னும் பதவி ஏற்பட்டது. உணவுப் பட்டியலை வகுப்பவரே அதைப் பாடமாகவும் நடத்துகிறார். 2008இல் திருத்தப்பட்ட பள்ளி மதிய உணவுச் சட்டம், உணவுக் கல்வியைப் பள்ளி உணவின் நோக்கமாகவே அறிவித்தது.

இன்றைய நிலை: ஜூன் மாதம் உணவுக் கல்வி மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளி உணவுக் கட்டணத்தைப் பல உள்ளாட்சிகள் நீக்கியுள்ளன.