குழாய் கட்டிய வண்டிகள்

தஞ்சையிலிருந்து திருவையாறு செல்லும் சாலையோரத்து வெல்டிங் பட்டறை ஒன்றில், சில மாதங்களுக்கு முன், நாம் அரை மணி நேரம் நிற்க நேர்ந்தது. ஓர் இளைஞர் தம்முடைய பழைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வண்டி உருண்டாலும் உள்ளிருப்பவர் நசுங்காதிருக்க வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்க் கூண்டு அதன்மேல் இருந்தது. ரோல் கேஜ் என்பார்கள். அந்தக் கூண்டில் இரண்டு ஒலிபெருக்கிகளைப் பொருத்த வேண்டும், குழாயில் துளையிட்டு போல்ட் போட்டுவிடுங்கள் என்றார் அவர். பட்டறைப் பெரியவர் மறுத்துவிட்டார்.

“தம்பி, உசிரக் காப்பாத்துற கம்பி இது. ஓட்டை போட்டா பலம் போயிடும், மழைத்தண்ணி உள்ள எறங்கி உள்ளுக்குள்ளயே துரு புடிக்கும். ரெண்டு பாதியா கிளாம்ப் அடிச்சுத் தர்றேன். நடுவுல சைக்கிள் டியூப் வச்சு முறுக்குனா அசையாது.”

பிறகு எம்மைப் பார்த்துச் சிரித்தபடி, “எலெக்சனுக்கு நாங்க குழாய் கட்டாத வண்டியா” என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்கு வித்து. அரசியல் வரலாறு எழுதுவோர் பேசியவரை எழுதுகிறார்கள், பேச்சை எழுதுகிறார்கள். பேச்சை ஊருக்குள் கொண்டுசென்ற வண்டியையும், வண்டியில் குழாயைக் கட்டிய கையையும் எழுதியவர்கள் குறைவு. காவிரிப் படுகையைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அன்று என்றே நாம் கருதுகிறோம்.

குழாய் வருவதற்கு முன் இருந்தது பறை. அரசு ஆணை, ஏலம், வெள்ள எச்சரிக்கை, வரி வசூல், ஊரார் தீர்ப்பு எதுவாயினும் தண்டோரா போட்டுத்தான் ஊர் அறிந்தது. அதைப் போட்டவர் எந்தச் சாதியினர், எந்தத் தெருவில் குடியிருந்தார், கூலியாக என்ன பெற்றார் என்பதெல்லாம் வாசகர்கள் அறிந்ததே. ஊருக்கே செய்தி சொல்லும் மனிதர் அந்தச் செய்தியில் தமக்கென்று ஒரு சொல்லும் சேர்க்க இயலாதவராக இருந்தார். 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு யாத்திரை கிளம்பியபோது, யாத்திரிகர்களுக்கு உணவோ இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்தார். அச்செய்தி துண்டறிக்கையாலும் பத்திரிகையாலும் பரவியது போலவே தண்டோராவாலும் பரவியது. மக்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு அந்த ஆணையை மீறிய கதை பிரசித்தம். அரசின் பக்கம் பறை இருந்தது. யாத்திரையின் பக்கம் பாட்டும் தொண்டையும்தான் இருந்தன.

அந்நேரத்தில் உலகின் மறுபுறத்தில் இந்தக் கருவிக்கு வயது பதினைந்து ஆகியிருந்தது. டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா சென்ற பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் தம் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். அவர்கள் வைத்த பெயர் மாக்னவாக்ஸ், லத்தீனில் ‘பெருங்குரல்’. 1919-இல் அதிபர் வில்சன் சான் டியாகோவில் அதன் வழியாகப் பெருங்கூட்டத்தில் பேசினார். இந்தியாவில் 1930களிலிருந்து காங்கிரஸ் மேடைகளுக்கு ஒலிபெருக்கி தந்தவர்களில் முதன்மையானவர் நானிக் மோட்வானே. காந்தியும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின் மேல் ‘சிகாகோ ரேடியோ’ என்று எழுதியிருப்பதைப் பலரும் கவனித்திருக்கக்கூடும். அது அமெரிக்கக் கம்பெனி அன்று, மோட்வானே குடும்பத்தினுடையது.

மேடையில் நிற்கும் குழாய் வேறு, ஓடும் வண்டியில் நிற்கும் குழாய் வேறு. இங்கே கொஞ்சம் இயந்திர விஷயம் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

சாதாரண காகிதக் கூம்பு ஸ்பீக்கர், தனக்குள் செலுத்தப்படும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை மட்டுமே ஒலியாக்கும், மீதி சூடாகிவிடும். குழாய் ஸ்பீக்கரோ அதைவிடப் பன்மடங்கு ஒலியைத் தரும். பின்னால் உள்ள ‘யூனிட்’ என்னும் சிறு பகுதியில் மெல்லிய தகடு அதிர்கிறது. அந்த அதிர்வைக் குழாய் சிறுகச் சிறுக விரிந்து வெளிக்காற்றோடு இணைக்கிறது. பேட்டரியில் ஓடும் வண்டிக்கு இது பெரிய விஷயம். அக்கால ஜீப்புகள் பலவற்றில் ஆறு வோல்ட் பேட்டரிதான். வால்வு ஆம்ப்ளிஃபயரோ சில நூறு வோல்ட் கேட்கும். இடையில் ‘வைப்ரேட்டர்’ என்று ஒரு பெட்டி. அதனுள் ஒரு நாக்கு இடைவிடாது துடித்து, மின்சாரத்தை வெட்டி வெட்டி உயர்த்தித் தரும். அதன் ரீங்காரம் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அந்த வண்டு ஓய்ந்தது.

குழாய்க்குக் குறையும் உண்டு. தாழ்ந்த ஒலிகள் அதில் வருவதில்லை. மனிதப் பேச்சின் மெய்யெழுத்துகள் வாழும் நடு உச்ச ஒலிகளை அது எடுத்து எறியும். தவிலின் தொப்பியைக் கொன்றுவிடும். வீதியுலாவில் நாலு தெரு தள்ளியும் கேட்கும்படி வாசித்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தைக் கல்யாண வீட்டுக் குழாயில் இசைத்தட்டாகக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, அந்த வாத்தியத்தின் பாதி உடம்புதான் அறிமுகம் என்பது எம் எண்ணம். அரசியல் பேச்சுக்கு அந்தக் குறை ஒரு பொருட்டே அன்று. கூர்மைதான் வேண்டியிருந்தது.

இனி நிலம். படுகை தட்டையானது, மலை இல்லை, மேடு இல்லை. நீர் நிற்கும் வயலின் மேல் மாலையிலும் விடியலிலும் அடிக்காற்று குளிர்ந்தும் மேல்காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே இறங்கும். மார்கழி விடியலில் மூன்று ஊர் தள்ளிய கோயிலின் குழாய் நம் வாசலில் பாடுவதுபோல் கேட்பது இதனால்தான். பிரச்சார வண்டிக்காரர்கள் இயற்பியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் நடுப்பகலில் வயல் வழியே கத்துவது வீண் என்றும், விளக்கு வைக்கும் நேரத்தில் பாதிக் குரலே போதும் என்றும் அறிந்திருந்தனர்.

கட்டும் முறை வண்டிக்கு வண்டி மாறியது. மாட்டு வண்டியில் மூங்கிலை நட்டுக் கயிற்றால் பிணைத்தார்கள். சைக்கிள் ரிக்‌ஷாவில் கூண்டுக் கம்பி, அம்பாசடரில் கூரைமேல் கேரியர். ஜீப்தான் சிக்கல். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புக்குக் கூரை கிடையாது. படுதாவைத் தாங்கும் மெல்லிய கூடாரக் கம்பிகள் மட்டுமே. அவை துணியைத் தாங்கும், குழாயைத் தாங்கா. ஆகவே பட்டறைகளில் தனிச் சட்டம் அடித்தார்கள்: பின்பக்கம் இரு தூண், மேலே ஒரு குறுக்குக் குழாய், அதில் முன்னும் பின்னும் பார்த்தபடி இரு ஸ்பீக்கர். மண்சாலையின் குலுக்கலில் நட்டு கழலும். ஸ்பிரிங் வாஷரும் இரட்டை நட்டும் போட்டார்கள். வாய் மிகவும் மேலே பார்த்தால் ஒலி தென்னை உச்சிக்குப் போய்விடும், மழையும் உள்ளே இறங்கும். சற்றே கீழ்நோக்கி இருக்க வேண்டும். பட்டறைப் பெரியவர் எமக்கு விரலால் சாய்த்துக் காட்டியது இந்தச் சாய்வைத்தான். உருளும் வண்டிக்கென வந்த இன்றைய கூண்டு, அந்தப் பழைய சட்டத்தின் வேலையையும் போகிற போக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

1952 அக்டோபர் 2-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் ஊர்மக்கள் கண்ட ஜீப், பி.டி.ஓ. ஜீப். உரம், விதை, குடும்பக் கட்டுப்பாடு, அம்மை குத்துதல் எல்லாம் ஊருக்குள் ஓசையோடு வந்த காலம் அது. பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் நிலையாக நின்றது. வண்டிக் குழாய் நகர்ந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல்லைத் திருச்சி வானொலி ஓயாமல் பரப்பியதால், மக்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒலியின் பெயரால் ஒரு நெல் அழைக்கப்பட்டது வேறெங்கும் நிகழ்ந்ததா, நாம் கேள்விப்பட்டதில்லை.

தேர்தல் வண்டிதான் உண்மையான மாற்றம். 1962-இல் தஞ்சாவூர்த் தொகுதியில் மு. கருணாநிதி செல்வரான பரிசுத்த நாடாரை எதிர்த்து நின்று வென்றார். வசதியும் செல்வாக்கும் எதிர்ப்பக்கம் இருந்த அத்தகைய களங்களில் வாடகைக் குழாயும் தெளிந்த தமிழும் ஓரளவு ஈடு செய்தன. நாகூர் ஹனிபாவின் கழகப் பாடல்கள் அந்தக் குழாய்களுக்கென்றே அமைந்தவை போலிருக்கும். மைக் இல்லாமலே மைதானத்தை நிறைக்கும் குரல் அது. குழாய் அதை நசுக்க முடியவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வண்டி பெரும்பாலும் சேரிக்குள் போகவில்லை. போவதற்குச் சாலை இல்லை. ஒலி மட்டும் போனது. மிராசுதார் திண்ணையில் கேட்ட அதே சொல், அதே நொடியில், வாய்க்காலுக்கு அப்பாலிருந்த குடிசையிலும் கேட்டது. தண்டோரா தெருவுக்குத் தெரு வரிசைப்படி வந்தது. குழாய்க்கு அந்த வரிசை தெரியவில்லை. இதைச் சமத்துவம் என்று கொண்டாட எமக்குத் துணிவில்லை. கேட்பது வேறு, பேசுவது வேறு. கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளரைத் திரட்டிய பி. சீனிவாச ராவ், கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், வண்டியால் அன்றிப் பெரும்பாலும் கால்நடையாகவே அக்குடிசைகளை அடைந்தார். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தபோது அவர்களின் கூக்குரலைச் சுமந்துசெல்ல எந்த வண்டியும் இல்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. காரின் கூரையில் ஒலிபெருக்கி பொருத்திச் சமயப் பேச்சு ஒலிபரப்பிய சயா என்பவரின் வழக்கில், போலீஸ் அதிகாரியின் விருப்பப்படி அனுமதி என்ற விதி செல்லாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே கோவாக்ஸ் வழக்கில் காட்டுக் கூச்சலிடும் ஒலிவண்டிகளைத் தடுக்கலாம் என்றது. பத்திரிகையும் வானொலியும் நடத்தப் பணமில்லாதவனின் கருவியை ஒடுக்குகிறீர்கள் என்று நீதிபதி பிளாக் மாறுபட்டார். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடை செய்தன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பேச்சுரிமை என்பது பிறர் காதில் ஒலியைத் திணிக்கும் உரிமை ஆகாது என்றது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையையும் நோயாளியையும் நினைத்தால் இரண்டாவது தீர்ப்பின் பக்கமே நம் மனம் சாய்கிறது. பிளாக்கின் வாதமும் விட்டு அகல மறுக்கிறது.

2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கம் இனியும் வேண்டாம், வண்டிகளில் ஒலிபெருக்கியைப் பொருத்திச் செய்தியைப் பரப்பலாம் என்பது அதன் சாரம். பறையை ஒருவர் கழுத்தில் மாட்டிய ஊர், அதைக் கழற்றுவதற்கு இந்தக் குழாய் கட்டிய வண்டியைத்தான் மாற்றாகக் காட்ட வேண்டியிருந்தது. பட்டறைப் பெரியவரிடம் இதைச் சொன்னோம். அவர் கிளாம்ப்பின் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“எங்க அப்பா தண்டோரா போட்டவருங்க. வெள்ளம் வந்தா கொள்ளிடக் கரையெல்லாம் நடந்தே போடுவாரு” என்றார். பிறகு குழாயைப் பிடித்து ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. இளைஞரிடம் கூலியைச் சொன்னார்.