கொடும்பாவியும் மழையும்

காவிரியும் பவானியும் கூடுகின்ற துறையில், ஆடிப் பெருக்கன்று சங்கமேசுவரர் ஆலயத்துப் படிகளில் நின்று புதுப்புனலைக் கண்டு களிப்பவர்களுக்கு, இந்தக் கொங்குச் சீமை அநாவிருஷ்டியால் பலமுறை வாடிய பூமி என்பது எளிதில் நினைவுக்கு வராது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்னும் கொங்குத் தலைவன் இத்துறையருகே அணைகட்டி வெட்டிய வாய்க்கால் தன் கரையோரத்தைக் காத்தது உண்மையே. ஆயினும் அதற்கு எட்டாத மேட்டாங்காட்டுக் குடியானவனுக்கு ஆகாயத்தை அன்றி வேறு கதியில்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் கோயமுத்தூர் ஜில்லா பட்ட துயரமே அதற்குச் சாட்சி.

மழை பொய்த்த காலங்களில், தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் ஜனங்கள் கையாண்ட சடங்குகள் சில உண்டு. பெண்கள் வீடு வீடாகச் சென்று உப்பில்லாச் சோறு வாங்கி, பொதுவிடத்தில் கூடி உண்டு, ஊரைவிட்டே போய்விடுகிறவர்களைப் போல அழுது புலம்புவது மழைச்சோறு. அதனினும் விநோதமானது கொடும்பாவி. வைக்கோலைத் திரித்துக் கட்டி, கந்தல் சுற்றி, கரியால் கண்ணும் வாயும் எழுதி, ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட பிரதிமையொன்றைச் சமைத்து, கயிறு பூட்டிப் புழுதியில் தெருத் தெருவாக இழுத்துச் செல்வார்கள். பறை முழங்க, பெண்கள் தலைவிரி கோலமாய் மாரடித்து ஒப்பாரி வைக்க, ஊர் எல்லையில் அதற்குக் கொள்ளி வைப்பார்கள். யாரோ ஒரு மகாபாவி செய்த பாவத்தால்தான் மேகம் முகம் திருப்பிக்கொண்டது என்பது அவர்களுடைய சித்தாந்தம். அந்தப் பாவி நம் வீட்டிலேயே இருக்கக்கூடுமோ என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதுதான் இச்சடங்கின் சௌகரியம்!

வானத்தின் மாறுபாட்டை உருவம் சமைத்து உணர்த்தும் முயற்சி நம் காலத்திலும் வேறு கோலத்தில் நடந்ததுண்டு. 2010 நவம்பரில், மெக்சிகோவிலுள்ள கான்கூன் நகரில் நடக்கவிருந்த பருவநிலை மகாநாட்டை முன்னிட்டு, 350.ஆர்க் என்ற இயக்கம் உலகின் பல ஊர்களில் செயற்கைக்கோள்கள் படம் பிடிக்கத்தக்க பிரம்மாண்டமான சித்திரங்களை அமைத்தது. டில்லியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிச் சிறார் திடலில் நெருங்கி நின்று யானை வடிவாயினர்: வீட்டுக்குள் யானையே புகுந்து நின்றாலும் அதைப்பற்றி ஒருவரும் வாய்திறவாதிருக்கும் விபரீதத்தைச் சுட்டுவதற்காக. அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் வறண்டு கிடந்த ஆற்றுப்படுகையில் ஜனங்கள் இறங்கி, நீல நிறப் பொருள்களைத் தலைக்குமேல் உயர்த்தி, ஓடாத நதியை ஓடச் செய்தனர். அழகான காரியங்களே, எனினும் வானிலிருந்து பார்த்தாலன்றி உருவம் புலப்படாத சித்திரத்தைவிட, நம் தெருவாசலிலேயே இழுபட்டுச் சென்ற வைக்கோற் பிரதிமை நெஞ்சில் ஆழமாய்த் தைத்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். யானையை வகுத்தவர்களுக்கோ வேறொரு பெருமை உண்டு: பாவத்தை எவர் தலையிலும் தனியே சுமத்தாமல், பார்க்கிற எல்லோரையும் அவர்கள் குற்றவாளிகளாக்கினார்கள்.

1934-ல் மேட்டூர் அணையும், 1955-ல் பவானிசாகரும் எழுந்த பின்னர், நீர் மேகத்திலிருந்து வருவதாகவன்றி மதகிலிருந்து வருவதாகவே பலருக்குத் தோன்றலாயிற்று. கொடும்பாவி மட்டும் ஒழியவில்லை. தண்ணீருக்காகவும் வேறு வழக்குகளுக்காகவும் இன்றும் நாற்சந்திகளில் அது எரிக்கப்படுகிறது. ஆனால் அதன் கழுத்தில் இப்போது ஏதேனும் ஓர் அரசியல்வாதியின் பெயர் எழுதித் தொங்குகிறது.