தார் வீதியின் வரலாறு

தார் வீதி என்று நாம் வழங்கும் வீதிகளில் இன்று பெரும்பாலும் தார் இல்லை. நிறையளவில் 100 பங்கில் ஏறக்குறைய 95 பங்கு உடைத்த கல்லும் மணலும் கற்றூளுமேயாம். எஞ்சிய 5 பங்கே பிற்றுமன். பெற்றோலியத்தை வடித்தபின் அடியில் எஞ்சும் கரும்பசை அது.

அங்ஙனமாயின் இப்பெயர் வந்தவாறு யாது? ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜோன் மக்கடம் (1756–1836) சிறு கற்களைப் பரப்பிப் பசையின்றியே வீதி சமைத்தார். கற்களின் முனைகள் ஒன்றையொன்று பற்றின. வண்டிகளின் இரும்புப் பட்டச் சில்லுகள் அவற்றை மேலும் இறுக்கின. மோட்டார் வண்டி வந்ததும் நிலைமை மாறிற்று. விரைந்தோடும் றப்பர்ச் சில்லுகள் இடுக்குகளிலிருந்த தூளை உறிஞ்சியெடுத்தன; கற்கள் கலைந்தன; புழுதி எழுந்தது.

1902இல் எட்கார் ஹூலி என்பவர், இரும்பு உருக்கும் உலைக் கசடுடன் தாரைக் கலந்து வீதியிடும் முறைக்குக் காப்புரிமை நாடினார். அத்தார் நிலக்கரியிலிருந்து பெறப்பட்டது. பின்னர் அதன் இடத்தைப் பிற்றுமன் பிடித்தது. நிலக்கரித் தார் புற்றுநோய் விளைப்பதென்பதும் புலனாயிற்று. தார் நீங்கியது; பெயர் மாத்திரம் நிலைத்தது.

பாரத்தைத் தாங்குவது கல்லே. ஆயினும் கல்லைக் கலையாது காப்பது அச்சிறு பங்கே. அதிற் குறைவைத்தால் மாரியில் வீதி குழிவிழும். பலரைப் பிணைத்து நிற்கும் சிலரது தொண்டும் அத்தகையதன்றோ!